ரிமோட் காலத்தில் கார்ப் பூட்டும் துருவும்: நீண்டகாலப் பராமரிப்பு அனுபவம்

காரின் சாவிப் பூட்டு தேய்ந்து கெடுவதைவிடச் சும்மா கிடந்து கெடுவதே அதிகம். ரிமோட்டை அழுத்திக் கதவைத் திறக்கும் பழக்கம் வந்த பிறகு, கதவிலுள்ள சாவித் துவாரம் மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கில், சாவியையே பார்ப்பதில்லை. மழைநீரும், கழுவும் நீரும், தூசியும், உப்பு கலந்த ஈரக்காற்றும் அதற்குள் போய்க்கொண்டே இருக்கின்றன; உள்ளே இருக்கும் பாகங்களை அசைத்துக்கொடுக்க வேண்டிய சாவி மட்டும் போவதில்லை. ஒரு நாள் பேட்டரி இறங்கி, ரிமோட்டும் சென்ட்ரல் லாக்கும் வேலை செய்யாமல் போகும்போதுதான் அந்தத் துவாரத்தின் நினைவு வருகிறது. அப்போது சாவி பாதியில் நின்றுவிடும். அல்லது முழுவதும் நுழைந்தும் திரும்ப மறுக்கும்.

எங்கள் வீட்டில் இரண்டு கார்கள் இருக்கின்றன. ஒன்று பழைய செடான். அதன் முன்கதவுகள் இரண்டிலும் டிக்கியிலும் சாவித் துவாரங்கள் உள்ளன. வாங்கிய காலந்தொட்டு அது கூரையில்லாத இடத்திலேயே நிற்கிறது. மற்றொன்று பின்னர் வாங்கியது; ஓட்டுநர் கதவின் கைப்பிடியருகே ஒரு பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் ஒரே ஒரு துவாரம் மட்டுமே அதற்கு உண்டு. பழைய காரின் மூன்று பூட்டுகளும் ஒரே வெயிலையும் ஒரே மழையையும் வாங்கியவை என்பதால், ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு மசகைப் பயன்படுத்தி, பல ஆண்டுகள் விட்டுப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இங்கே எழுதுவது பெரும்பாலும் அந்த ஒப்பீட்டிலிருந்து வந்தது.

பூட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாமல் எதைத் தெளித்தாலும் அது குருட்டு வைத்தியமே. சாவி நுழைந்து திரும்பும் உருளையைச் சிலிண்டர் என்கிறோம். பெரும்பாலான கார்களில் இது துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டது. ஏறத்தாழ 4 விழுக்காடு அலுமினியம் சேர்ந்த கலவை இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. அதற்குள் பித்தளையாலான மெல்லிய தகடுகள், பெரும்பாலும் 8 அல்லது 10, வரிசையாக அமர்ந்திருக்கும். ஒவ்வொரு தகட்டையும் ஒரு சிறிய ஸ்பிரிங் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். சரியான சாவி நுழைந்தால் எல்லாத் தகடுகளும் உருளையின் விளிம்புக்குள் அடங்கும். ஒன்றேனும் வெளியே துருத்தி நின்றால் உருளை திரும்பாது. துவாரத்தின் வாயில் தூசியைத் தடுக்க ஸ்பிரிங் பொருத்திய ஒரு சின்னஞ்சிறு கதவும் இருக்கும். சாவி முனையில் முட்டி நிற்பது பல வேளைகளில் இந்தச் சிறு கதவு துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டதால்தான். சிலிண்டரே போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

துத்தநாகம், பித்தளை, எஃகு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புக் கலந்த ஈரம் சேர்ந்தால், அது ஒரு சிறிய மின்கலமாகவே செயல்படத் தொடங்குகிறது. மூன்றில் எளிதில் கரைவது துத்தநாகம். ஆகவே மற்ற இரண்டையும் காப்பாற்றிவிட்டு அது அரிபடுகிறது. இந்த அரிப்பு இரும்புத்துருவைப் போலச் செந்நிறத்தில் தெரியாது. வெண்மையான, சுண்ணாம்புத் தூள் போன்ற படிவாகத் தகடுகளின் இடுக்குகளில் சேரும். தகட்டுக்கும் அதன் பள்ளத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், மிகச் சிறிதளவு தூளே தகட்டைச் சிறைப்படுத்தப் போதுமானது. சாவியை வெளியே எடுத்து வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்ப்பதை நான் இன்றும் விடுவதில்லை. வெண்தூள் ஒட்டினால் சிலிண்டரின் உடல் அரிபடுகிறது. செந்துரு ஒட்டினால் ஸ்பிரிங்கோ வாயில் உள்ள சிறு கதவோ போய்க்கொண்டிருக்கிறது. பசுமை படர்ந்தால் பித்தளையில் களிம்பு ஏறியிருக்கிறது. கரிய பசை வந்தால் யாரோ எண்ணெயையும் கிராஃபைட்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டிருக்கிறார்கள்.

அந்தக் கிராஃபைட்டிலிருந்தே ஒப்பீட்டைத் தொடங்கலாம். பூட்டுக்குக் கிராஃபைட் தூளே உகந்தது என்பது பரம்பரையாக வரும் அறிவுரை. வீட்டுக் கதவுப் பூட்டுக்கு, மழை படாத இடத்தில், அதில் தவறில்லை. ஓட்டுநர் பக்கக் கதவில் அதைத்தான் போட்டிருந்தேன். உலர்ந்த மாதங்களில் சாவி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஈரமான பருவம் வந்தபோது, மூன்று பூட்டுகளில் முதலில் வெண்தூள் காட்டியதும் அதுவே. காரணம் தேடிப் போனால் விளக்கம் எளிது: கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், அத்துடன், உலோகங்களின் அரிப்பு வரிசையில் அது துத்தநாகத்துக்கு நேர் எதிர்முனையில் நிற்கிறது. ஈரம் இருக்கும்வரை அது துத்தநாகத்தின் அரிப்பைத் தூண்டுமே தவிரத் தடுக்காது. விமானத் துறையில் அலுமினியத் தகடுகளின் மீது சாதாரணப் பென்சிலால் கோடு போடக்கூடாது என்று வைத்திருப்பதும் இதே காரணத்தால்தான். வெட்டவெளியில் நிற்கும் காருக்குக் கிராஃபைட் வேண்டாம் என்பது என் திடமான கருத்து. அதன் தூள் ஒரு முறை உள்ளே போய்விட்டால், பிறகு போடும் எண்ணெய் எதுவானாலும் கரிய பசையாக மாறிவிடுகிறது என்பது கூடுதல் தொல்லை.

பயணி பக்கக் கதவில் பயன்படுத்தியது டெஃப்ளான் கலந்த உலர் மசகு. தெளிக்கும்போது திரவமாக இருந்து, கரைப்பான் ஆவியான பின் மெல்லிய வெண்படலமாக நிற்கும் வகை இது. தூசியை இழுத்து ஒட்டிக்கொள்ளாது என்பதே இதன் பெரிய நன்மை. மூன்றில் இன்றுவரை மிகச் சீராகத் திரும்புவது இந்தப் பூட்டுதான். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: இந்தப் படலம் உராய்வைக் குறைக்கிறதே ஒழிய, நீரைத் துரத்துவதில்லை. துவாரத்துக்குள் ஈரம் இருக்கும்போதே இதைத் தெளித்தால், ஈரத்தை உள்ளே வைத்து மேலே பூசியதாகத்தான் முடியும். முதலில் உலர்த்துவது, பிறகு தெளிப்பது என்ற வரிசையை மாற்றினால் பயன் பாதியாகிவிடும்.

டிக்கிப் பூட்டுக்கு மெல்லிய கனிம எண்ணெயைப் போட்டுவந்தேன். தையல் இயந்திர எண்ணெய் என்று விற்கப்படும் வகைதான். எண்ணெய் உலோகத்தோடு ஒட்டி ஈரத்தைத் தள்ளிவைப்பதால் அரிப்பைத் தடுப்பதில் அது நன்றாகவே செயல்பட்டது. ஆனால் டிக்கி தூசி அதிகம் சேரும் இடமாகையால், சில மாதங்களில் சாவியில் பழுப்பு நிறப் பிசுக்கு வரத் தொடங்கியது. அடிக்கடி சுத்தம் செய்யும் பொறுமை உள்ளவருக்கு எண்ணெய் போதும். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் கவனிக்க முடிந்தவருக்கு உலர் மசகே மேல். சமையல் எண்ணெய் எதையும் பூட்டில் விடக்கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்; தாவர எண்ணெய்கள் காற்றுப் பட்டுக் காலப்போக்கில் பிசின் போல இறுகிவிடும், அதன்பின் துருவே இல்லாமலும் பூட்டு திரும்பாது.

எல்லோர் வீட்டிலும் இருக்கும் டபிள்யூடி-40 பற்றிக் கேள்வி வராமல் இருக்காது. 1953ஆம் ஆண்டு, அட்லஸ் ஏவுகணையின் மேற்புறத் தகட்டைத் துருவிலிருந்து காக்க உருவாக்கப்பட்ட திரவம் அது. பெயரிலுள்ள 40 என்பது வெற்றிபெற்ற 40ஆவது கலவையைக் குறிக்கிறது. நீரை இடம்பெயர்த்து வெளியேற்றுவதே அதன் முதல் வேலை. அந்த வேலையை அது செவ்வனே செய்கிறது. ஆனால் அது விட்டுச்செல்லும் எண்ணெய்ப் படலம் மெல்லியது, நெடுநாள் நிற்பதில்லை. நான் அதை மசகாக அல்லாமல் கழுவும் திரவமாகவே பயன்படுத்துகிறேன்: ஈரத்தையும் அழுக்கையும் அதைக் கொண்டு வெளியேற்றி, நன்கு உலரவிட்ட பிறகே நிலைத்து நிற்கும் மசகைத் தெளிக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு எனக்கு வழக்கமாகிப்போன முறை சிக்கலானதன்று. காய்ந்த நாளாகப் பார்த்து, துவாரத்தின் வாயைச் சுற்றியுள்ள தூசியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, மெல்லிய குழாய் முனையால் அந்தச் சிறு கதவைத் தள்ளித் திறந்து, நீர் நீக்கும் திரவத்தைச் சிறிதளவு செலுத்துகிறேன். சாவியைத் திருப்பாமல் உள்ளும் புறமுமாகப் பலமுறை இழுத்து, ஒவ்வொரு முறையும் துணியில் துடைக்கிறேன். துணியில் அழுக்கு வருவது நிற்கும்வரை இது தொடரும். பிறகு கை பம்பினாலோ கம்ப்ரஸரினாலோ காற்றடித்து, வெயிலில் சற்று நேரம் விட்டு, கடைசியாக டெஃப்ளான் மசகு. அதன்பின் இரு திசையிலும் சாவியைத் திருப்பி, பூட்டும் வேலை முழுமையாக நடக்கிறதா என்று பார்ப்பதோடு முடிகிறது. இதைவிட முக்கியமானது, மாதம் ஒரு முறையாவது ரிமோட்டை விட்டுச் சாவியால் திறந்து பூட்டுவது. அசையும் தகட்டில் படிவு சேர நேரமிருப்பதில்லை. மசகு எதுவும் போடாமல் இதை மட்டும் செய்தவரின் பூட்டு, மசகு போட்டுச் சாவியே நுழைக்காதவரின் பூட்டைவிட நன்றாக இருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

புதிய காரின் பிளாஸ்டிக் மூடி மழையை நேராக விழவிடாமல் தடுக்கிறது. அந்த அளவில் நல்லதே. ஆனால் உள்ளே புகுந்த ஈரம் எளிதில் உலர்வதையும் அது தடுக்கிறது. மூடியின் அடியில் சாவி முனையை நுழைத்து நெம்பி எடுக்கச் சின்னப் பிளவு ஒன்று இருக்கும். இதைக் கழற்றிப் பார்த்தே இராத உரிமையாளர்கள் பலர். ரிமோட்டுக்குள் மடங்கியோ செருகியோ இருக்கும் அவசரச் சாவி எங்கே இருக்கிறது, மூடி எப்படிக் கழலும் என்ற இரண்டையும் பகல் வெளிச்சத்தில் ஒரு முறை செய்து பார்த்துக்கொள்வது நல்லது.

ஏற்கெனவே இறுகிவிட்ட பூட்டை என்ன செய்வது? சாவியைப் பலங்கொண்டு திருப்புவது மட்டும் கூடாது. உடைந்த சாவித் துண்டு உள்ளே நின்றுவிட்டால் வேலை பத்து மடங்கு ஆகும். துரு தளர்த்தும் திரவத்தைச் செலுத்தி, இரவு முழுதும் ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் செலுத்தி, சாவியைத் திருப்பாமல் முன்னும் பின்னும் மட்டும் அசைக்க வேண்டும். சாவி முழுதும் உள்ளே போகத் தொடங்கிய பிறகே, இரு விரல் பலத்தில், இடமும் வலமும் மெல்லத் திருப்பிப் பார்க்கலாம். தினமும் பயன்படுத்தித் தேய்ந்த சாவியைவிட, அலமாரியில் தூங்கும் மாற்றுச் சாவியே இதற்கு உகந்தது. அதன் வெட்டுகள் புதிதாக இருப்பதால் தகடுகளைச் சரியான உயரத்துக்குத் தூக்கும். தேய்ந்த சாவியை வைத்து நகல் எடுத்தால் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுப்பார்கள் என்பதால், புதிய சாவி வேண்டுமானால் சாவி எண்ணைக் கொண்டு வெட்டித் தரச் சொல்வதே சரி.

சிலிண்டரைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், கதவை உண்மையில் பிடித்துக்கொண்டிருப்பது அதுவன்று. கதவின் ஓரத்தில் இருக்கும் லாட்ச்தான். கதவுச் சட்டத்தில் பொருத்திய ஸ்ட்ரைக்கர் என்ற வளையத்தைச் சுழலும் நாக்கு ஒன்று கவ்விக்கொள்ள, அந்த நாக்கு திரும்பிவிடாதபடி ஒரு தடுப்புப் பல் விழுந்து நிற்கும். நாக்குக்கு இரண்டு நிலைகள் உண்டு: பாதி கவ்விய நிலை, முழுதும் கவ்விய நிலை. இது வசதிக்காக வைத்ததன்று. 2004இல் வகுக்கப்பட்ட ஐக்கிய நாடுகள் அவையின் உலகளாவிய வாகனத் தொழில்நுட்ப விதி எண் 1, முழுதும் கவ்விய நிலையில் லாட்ச் நீளவாக்கில் 11,000 நியூட்டன் விசையையும், குறுக்கே 9,000 நியூட்டன் விசையையும் தாங்க வேண்டும் என்கிறது. பாதி கவ்விய நிலையிலேயே 4,500 நியூட்டன் தாங்க வேண்டும். விபத்தில் கதவு திறந்து பயணி வெளியே எறியப்படாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. தடுப்புப் பல் துருவாலோ இறுகிய கிரீஸாலோ முழுமையாக விழாமல் நின்றால் அந்த ஏற்பாடு பலவீனமாகிறது. ஆகவே லாட்ச் பராமரிப்பைக் கதவு ‘கிரீச்’ என்று சத்தமிடும் எரிச்சலுக்கான மருந்தாக மட்டும் பார்ப்பது சரியன்று.

சோதனை எளிது. கதவைத் திறந்து வைத்து, ஒரு ஸ்க்ரூ டிரைவரின் தண்டால் நாக்கை உள்நோக்கித் தள்ளினால் ‘க்ளிக்’, இன்னும் தள்ளினால் மற்றொரு ‘க்ளிக்’ என இரண்டு தெளிவான ஒலிகள் வர வேண்டும். பிறகு கைப்பிடியை இழுத்தால் நாக்கு தயக்கமின்றித் துள்ளித் திரும்ப வேண்டும். அது சோம்பலாகத் திரும்பினாலோ, இரண்டாவது ஒலி மந்தமாக இருந்தாலோ, உள்ளே கிரீஸ் இறுகிவிட்டது என்று பொருள். நாக்கு மூடிய நிலையில் இருக்கும்போது கதவைச் சாத்திவிடக் கூடாது. ஸ்ட்ரைக்கரில் மோதி லாட்சும் சட்டமும் அடிபடும். சோதனை முடிந்ததும் கைப்பிடியை இழுத்து நாக்கைத் திறந்துவிட்ட பிறகே கதவை மூட வேண்டும்.

என் செடானின் பின்கதவு லாட்சில் ஆலையிலிருந்து வந்த வெள்ளை கிரீஸ் காலப்போக்கில் காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாறி, மணல் துகள்களைச் சேர்த்துக்கொண்டு, நகத்தால் சுரண்டினால் மெழுகு போல உதிரும் நிலைக்கு வந்திருந்தது. அதன் மேல் புதிய கிரீஸைப் பூசுவதால் ஒரு பயனும் இல்லை. மணல் கலந்த கிரீஸ் உலோகத்தை அரைக்கும் பசையாகவே செயல்படும். பழையதை மரக்குச்சியால் சுரண்டி எடுத்து, கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த பின் வெள்ளை லித்தியம் கிரீஸை மெல்லிய படலமாக மட்டும் நாக்கின் சுழல் முனையிலும், அது பல்லோடு உரசும் விளிம்பிலும், ஸ்ட்ரைக்கர் வளையத்திலும் வைத்தேன். நெடுநாள் நின்று பார்த்ததில், லாட்சுக்கு இதைவிட நல்ல பொருள் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு தொல்லை உண்டு: ஸ்ட்ரைக்கரில் தாராளமாகப் பூசினால் இறங்கும்போது உடையில் ஒட்டும். கறை போகாது. அங்கே மட்டும் பூசிய பிறகு துணியால் துடைத்து, கண்ணுக்குத் தெரியாத அளவு விட்டுவைக்கிறேன்.

கரைப்பானை நேரடியாக லாட்சுக்குள் தாராளமாகத் தெளிப்பதை நான் விரும்புவதில்லை. கதவு திறந்திருக்கிறதா என்பதைச் சொல்லும் சிறு மின்விசை (சுவிட்ச்) இப்போது பெரும்பாலும் லாட்சுக்குள்ளேயே இருக்கிறது. அதன் தொடுமுனைகளில் அரிப்பு வந்தால், மூடிய கதவைத் திறந்த கதவாகக் கருதி உள்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அலாரம் காரணமின்றி அலறும். விளக்கு இரவெல்லாம் எரிந்து பேட்டரி இறங்கும். பேட்டரி இறங்கினால் என்ன ஆகும் என்பது முதலிலேயே சொன்னதுதான். சிலிக்கோன் ஸ்பிரேயையும் இந்த இடத்தில் தவிர்க்க வேண்டும்; மின்பொறி தெறிக்கும் தொடுமுனைகளுக்கு அருகில் சிலிக்கோன் ஆவி படிந்தால், அது மின்சாரம் கடத்தாத மணற்சத்துப் படலமாக மாறித் தொடர்பைத் துண்டிக்கும். சிலிக்கோனுக்கு உரிய இடம் கதவின் ரப்பர் பீடிங். அங்கே அது ரப்பரை வெடிக்காமல் வைத்து நீரை உள்ளே விடாமல் தடுக்கிறது. அதைக்கூடத் துணியில் தெளித்துத் தேய்ப்பதே நல்லது.

கதவுக்குள் நீர் புகுவது பழுது அன்று, இயல்பு. கண்ணாடியை ஒட்டி வழியும் மழைநீரில் ஒரு பகுதி, கண்ணாடி இறங்கும் பிளவின் ரப்பரையும் தாண்டிக் கதவின் உட்கூட்டுக்குள் இறங்கத்தான் செய்யும். அதற்காகவே கதவின் அடி விளிம்பில் வடிகால் துளைகள் வைத்திருக்கிறார்கள். அந்தத் துளைகள் மண்ணும் சருகும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் நீர் தேங்கி, மூடிய பெட்டிக்குள் வெயிலில் ஆவியாகி, லாட்ச், கம்பிகள், மோட்டார் எல்லாவற்றின் மீதும் இரவில் பனித்துளியாகப் படிகிறது. மழை ஓய்ந்து வெகுநேரத்துக்குப் பிறகு கதவை ஆட்டும்போது உள்ளே நீர் அலம்பும் ஒலி கேட்டால் துளை அடைத்திருக்கிறது. கேபிள் டை ஒன்றை அடியிலிருந்து நுழைத்துக் கிளறியபோது, என் காரின் பின்கதவிலிருந்து தேநீர் நிறத்தில் ஒரு குவளை அளவு நீர் வழிந்தது. இரும்புக் கம்பியை நுழைத்தால் உள்பூச்சு கீறி, அங்கிருந்தே துரு தொடங்கும், பிளாஸ்டிக்கே நல்லது. கதவின் உள்பலகையைக் கழற்றும் வேலை எப்போதாவது நடந்தால், அதன் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைத் திரும்பவும் சரியாக ஒட்டினார்களா என்று நின்று பார்க்க வேண்டும். ஸ்பீக்கர் மாற்றப் போன இடத்தில் அந்தத் தாளைக் கிழித்துத் தூர எறிந்துவிட்டுப் பலகையை மாட்டியதை நான் கண்டிருக்கிறேன். அடுத்த மழையில் அந்தக் கதவுப் பக்கத் தரைவிரிப்பு நனைந்து நாறியது.

டிக்கிப் பூட்டு, கதவுப் பூட்டைவிடக் கடினமான வாழ்க்கை வாழ்கிறது. ஓடும் காரின் பின்புறம் காற்றழுத்தம் குறைந்த பகுதியாகையால், சக்கரங்கள் கிளப்பும் தூசியும் சேற்றுநீரும் சுழன்று மேலேறி அங்கேதான் படிகின்றன. பின்கண்ணாடி எப்போதும் அழுக்காக இருப்பதற்கும், டிக்கியின் சாவித் துவாரம் முதலில் கெடுவதற்கும் காரணம் ஒன்றே. நம்பர் பிளேட்டின் மேலுள்ள விளக்கின் ரப்பர் விளிம்பும், டிக்கியைத் திறக்கும் மின்விசையின் ரப்பர் உறையும் வெயிலில் வெடித்துவிட்டால், நீர் நேரே டிக்கி மூடியின் உட்புறம் இறங்கி லாட்ச்சை அடைகிறது. எத்தனை மசகு போட்டாலும் லாட்ச் மீண்டும் மீண்டும் துருப்பிடிக்கிறது என்றால், நீர் வரும் இந்த வழிகளைத்தான் முதலில் அடைக்க வேண்டும். டிக்கி வாயைச் சுற்றி ஓடும் நீர்ப்பள்ளத்தில் சேரும் சருகுகளையும், உதிரிச் சக்கரம் இருக்கும் குழியில் ஈரம் இருக்கிறதா என்பதையும் மூடியைத் திறக்கும்போதெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிடலாம். அந்தக் குழியில் தேங்கும் நீர், மூடிய டிக்கியின் காற்றை எப்போதும் ஈரமாகவே வைத்திருக்கும்.

இன்னொன்றையும் கார் வாங்கிய அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சில கார்களில் பேட்டரியே டிக்கிக்குள் இருக்கும். டிக்கியோ மின்விசையால் மட்டுமே திறக்கும். பேட்டரி இறங்கினால் டிக்கி திறக்காது, டிக்கி திறக்காவிட்டால் பேட்டரியைத் தொட முடியாது. அத்தகைய கார்களில் முன்புறப் பானெட்டுக்கு அடியில் பெரும்பாலும் மின் இணைப்புக்கான முனைகள் தந்திருப்பார்கள். அல்லது எங்காவது மறைவாக ஒரு சாவித் துவாரம் இருக்கும். பின்னிருக்கை மடியும் காரானால் உள்ளிருந்து புகுந்து அவசரக் கைப்பிடியை இழுக்கலாம்.

கழுவும் முறையிலும் பூட்டின் ஆயுள் இருக்கிறது. உயர் அழுத்த நீரைச் சாவித் துவாரத்துக்கும் கைப்பிடி இடுக்குக்கும் நேராகப் பீய்ச்சக் கூடாது. சோப்பு நீர் மசகைக் கரைத்து எடுத்துவிட, பின்னால் வரும் நீர் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்காகக் கழுவாமலே விடுவதும் சரியன்று. கடலோரத்தில் படியும் உப்பும், பனி உருகச் சாலையில் தூவும் உப்பும் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்க வல்லவை. சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டை எட்டும்போது கரைந்து நீராகிறது. சாலைகளில் பயன்படும் மெக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே கரைந்துவிடும். அதாவது, மழையே பெய்யாத நாளிலும் அந்தப் பூட்டு நனைந்தே இருக்கிறது. உப்புப் படியும் இடங்களில் தூய நீரால், குறைந்த அழுத்தத்தில், அடிக்கடி அலசி உலர்த்துவதே பாதி பராமரிப்பு. கழுவி முடித்ததும் எல்லாக் கதவுகளையும் டிக்கியையும் திறந்து வைத்து, லாட்ச் இருக்கும் ஓரங்களைத் துடைத்துவிட்டு, காற்றாட விடுகிறேன். உறைபனி உள்ள இடங்களில் பூட்டுக்குள் தெளிக்கும் பனி உருக்கிகள் பெரும்பாலும் ஆல்கஹால் கலந்தவை. பனியோடு மசகையும் அவை கழுவிக்கொண்டு போய்விடும் என்பதால், அவற்றைப் பயன்படுத்திய பிறகு மீண்டும் மசகு போட்டாக வேண்டும்.

யாரும் தொடாத சில பாகங்கள் இருக்கின்றன. பின்கதவின் ஓரத்திலுள்ள குழந்தைப் பூட்டு நெம்புகோல், பிள்ளைகள் வளர்ந்த வீட்டில் ஒரே நிலையில் உறைந்துபோகும். மசகு போடும் நாளில் அதையும் இரு புறமும் தள்ளிவிடலாம். கதவைப் பாதியில் நிறுத்திப் பிடிக்கும் பட்டைக்கும் கீல்களுக்கும் சிறிது கிரீஸ் போதும். பானெட் லாட்ச் சாலையின் புழுதியை நேரே வாங்குவது. ஓடும்போது பானெட் எழும்பாமல் தடுக்கும் இரண்டாவது கொக்கியின் ஸ்பிரிங் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தால், கிரீஸ் பூசி ஒப்பேற்றாமல் மாற்றிவிட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் என் டிக்கிச் சிலிண்டரை ஒரு கட்டத்தில் மாற்ற வேண்டியதாயிற்று. எண்ணெய் அரிப்பைத் தள்ளிப்போட்டதே தவிர, தூசி தகடுகளின் ஓரங்களை மழுங்கடித்துவிட்டது. புதிய சிலிண்டருக்குப் புதிய சாவி வரும், இரண்டு சாவிகளைச் சுமக்க வேண்டும் என்று பலர் தயங்குகிறார்கள், அது தேவையில்லை. தகடுகள் ஒவ்வொன்றிலும் அதன் உயரத்தைக் குறிக்கும் எண் பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். பூட்டு வேலை தெரிந்தவர் புதிய சிலிண்டரைப் பிரித்து, பழைய சாவியின் வெட்டுகளுக்கு ஏற்ற எண்ணுள்ள தகடுகளை அதே வரிசையில் அடுக்கிக் கொடுத்துவிடுவார். அப்படி அடுக்கும்போதே ஒவ்வொரு தகட்டிலும் டெஃப்ளான் மசகைத் தடவச் சொன்னேன். வாயிலிருந்து தெளிக்கும் எதுவும் கடைசித் தகடு வரை அவ்வளவு சீராகப் போய்ச் சேர்வதில்லை. இப்போது கதவுக்கும் டிக்கிக்கும் அதே சாவிதான். எண்ணெயை நிறுத்திவிட்டு, டிக்கிக்கும் உலர் மசகையே போட்டுவருகிறேன்.